உடம்பெல்லாம் வலி: ஃபைப்ரோமயால்ஜியாவா, மூட்டுத் தளர்வா, லூபஸா? பிரித்தறியப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மாதக்கணக்காக உடம்பு வலிக்கிறது. ஒரு டாக்டர் ஃபைப்ரோமயால்ஜியா (நரம்பு மண்டலம் வலியைக் கூட்டிக் காட்டும் நோய்) என்கிறார், இன்னொருவர் மூட்டு தளர்வாக இருப்பதால் வரும் வலி என்கிறார், மூன்றாமவர் ரத்த ரிப்போர்ட்டில் ஒரு வரியைக் காட்டி லூபஸாக (உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உறுப்புகளையே தாக்கும் நோய்) இருக்கலாம் என்று கவலையை ஏற்றிவிடுகிறார். அந்த வழியில் நானும் அலைந்தேன். எனக்கு இருப்பது ஃபைப்ரோமயால்ஜியாவும் தளர்மூட்டும் சேர்ந்தது என்று தெளிவாவதற்குள் தேவையில்லாத பரிசோதனைகளுக்குப் பணம் போனது, தேவையான பரிசோதனைகள் தள்ளிப்போயின. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

"இது எந்த நோய்?" என்று ஒற்றைப் பெயரைத் தேடிப் போனால் சுற்றிக்கொண்டே இருப்பீர்கள். தனித்தனியாக மூன்று கேள்விகள் கேளுங்கள். உடலில் அழற்சி (இன்ஃப்ளமேஷன்) இருக்கிறதா? இணைப்புத்திசு (மூட்டையும் தோலையும் தாங்கிப் பிடிக்கும் திசு) பிறவியிலேயே தளர்வானதா? நரம்பு மண்டலம் வலியைக் கூட்டிக் காட்டுகிறதா? மூன்றுக்கும் பதில் "ஆம்" என்று வரலாம். முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) இருப்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஃபைப்ரோமயால்ஜியாவும் இருக்கிறது. ஒன்று உறுதியானதும் மற்றதை மறந்துவிடுவதுதான் இந்த விஷயத்தில் அதிகம் நடக்கும் தவறு.

இது டாக்டருக்கு மாற்று அல்ல. டாக்டர் முன்னால் உட்காரும் அந்தச் சில நிமிடங்களை வீணாக்காமல் இருப்பதற்கான தயாரிப்பு.

1. இந்த அறிகுறிகள் இருந்தால் மேலே படிக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்

- நெஞ்சிலோ முதுகிலோ திடீரென்று கிழிப்பது போன்ற வலி. மார்ஃபான், ரத்தநாள வகை ஈலர்ஸ்-டான்லோஸ் போன்ற பிறவி இணைப்புத்திசு நோய்களில் பெருந்தமனி கிழியும் ஆபத்து உண்டு.
- ஒரே ஒரு மூட்டு சிவந்து, சூடாகி, வீங்கி, கூடவே காய்ச்சல். மூட்டுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம். தாமதித்தால் மூட்டே கெட்டுவிடும்.
- முதுகுவலியோடு தொடையிடுக்கு மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைப்பது, மலம் அடக்க முடியாமல் போவது.
- 50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகத் தலைவலி, மெல்லும்போது தாடை வலி, பார்வை மங்கல்.
- தசைகள் வலுவிழந்து, சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போவது.

சிறுநீர் நுரைத்துப்போவது, கால் வீங்குவது, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்துவது, காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவற்றை அந்த வாரத்துக்குள் காட்டுங்கள். லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கும்போது வலியே இருக்காது என்பதை நினைவில் வையுங்கள்.

2. வலியின் குணத்தைக் கவனியுங்கள்

பரிசோதனைகளைவிட இதுதான் அதிகம் சொல்லும். நல்ல மூட்டுவாத நிபுணர் ரிப்போர்ட்டைப் புரட்டுவதற்கு முன் இதைத்தான் கேட்பார்.

அழற்சி வலி ஓய்வில் கூடும், அசைந்தால் குறையும். காலையில் எழுந்ததும் கை மூடித் திறக்க முடியாமல் இறுகி, அந்த இறுக்கம் அரைமணி நேரத்துக்கு மேல் நீடிக்கும். மூட்டு கண்ணுக்குத் தெரியும்படி வீங்கும், மோதிரம் ஏறாது. முடக்குவாதத்தில் விரல்களின் அடிமூட்டும் நடுமூட்டும் மணிக்கட்டும் வீங்கும், நுனிமூட்டைப் பெரும்பாலும் விட்டுவிடும். நுனிமூட்டு வீங்கி, நகத்தில் குழிகளும் இருந்தால் சொரியாசிஸ் சார்ந்த மூட்டழற்சியை நினைக்க வேண்டும். 45 வயதுக்கு முன்பே தொடங்கிய இடுப்பு வலி, பின்னிரவில் எழுப்பிவிட்டு, எழுந்து நடந்தால் குறைகிறது என்றால் அது முதுகெலும்பு அழற்சியின் குணம்.

தளர்மூட்டு வலி இதற்கு நேர்மாறானது. வேலை செய்யச் செய்யக் கூடும். நாள் முடிவில் மோசமாகும். மூட்டு அடிக்கடி பிசகும், பாதி நழுவித் தானே திரும்பும். பாத்திரம் தூக்கினால் மணிக்கட்டு, பேனா பிடித்தால் விரல், படி இறங்கினால் முழங்கால் என்று எந்த மூட்டு என்று விரல் வைத்துக் காட்ட முடியும். சிறுவயதில் உடம்பை வளைத்து வேடிக்கை காட்டியவராக இருப்பார். சில வருடங்களில் இந்த வலியும் உடம்பெங்கும் பரவிவிடுவதால்தான் குழப்பம் வருகிறது.

ஃபைப்ரோமயால்ஜியா வலிக்கு எல்லை கிடையாது. இன்று தோள், நாளை தொடை. லேசாக அழுத்தினாலே வலிக்கும், எட்டு மணி நேரம் தூங்கினாலும் தூங்கிய திருப்தி இருக்காது, பேசும்போது சொல் மறந்துபோகும், வெளிச்சமும் சத்தமும் வாசனையும் தொந்தரவு செய்யும். காலையில் இறுக்கம் இதிலும் உண்டு, கை வீங்கியது போன்ற உணர்வும் உண்டு; ஆனால் அளந்து பார்த்தால் வீக்கம் இருக்காது. இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். "வீங்கியிருப்பது போல் இருக்கிறது" என்பதும் "வீங்கியிருக்கிறது" என்பதும் டாக்டருக்கு வேறு வேறு செய்திகள். வீங்கும் நேரத்தில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுங்கள்.

வலியைவிடப் பலவீனம் முன்னால் நிற்கிறதா என்றும் பாருங்கள். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியவில்லை, தலைக்கு மேல் கை தூக்கிச் சீவ முடியவில்லை என்றால் அது தசை அழற்சியாக இருக்கலாம்; அதைச் சோர்வு என்று சொல்லிவிடாதீர்கள். கொழுப்புக்கு ஸ்டேட்டின் மாத்திரை எடுப்பவர்களுக்குத் தசைவலி வருவதுண்டு, அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

3. ஒரு பக்கக் குறிப்பும் ஒரு கோப்பும் தயார் செய்யுங்கள்

முதல் சந்திப்புக்கு முன் இரண்டு வாரம் குறித்து வாருங்கள். காலை இறுக்கம் எத்தனை நிமிடம், வலி எங்கே, தூக்கம் எப்படி, எது செய்தால் கூடியது. அதற்குமேல் எழுதிக் கொண்டுபோனால் யாரும் படிப்பதில்லை. பிறகு இவற்றை ஒரே பக்கத்தில் சுருக்குங்கள்:

- எப்போது தொடங்கியது, எதற்குப் பிறகு (காய்ச்சல், பிரசவம், விபத்து, புது மருந்து).
- மனித உருவம் வரைந்து வலிக்கும் இடங்களில் நிழல்.
- வலி தவிர்த்த மற்றவை: முகத்தில் வெயிலுக்குப் பிறகு சிவப்பு, வாய்ப்புண், முடி கொட்டல், கண்ணும் வாயும் வறள்வது, குளிரில் விரல் வெளுத்து நீலமாவது, கண் சிவந்து வலித்தது, குடல் தொந்தரவு, கருச்சிதைவுகள், ரத்தக்கட்டு.
- குடும்பத்தில்: மூட்டுவாதம், சொரியாசிஸ், தைராய்டு, இளவயதில் திடீர் மரணம், தமனி வெடிப்பு, கண் லென்ஸ் விலகல்.
- எடுத்த மருந்துகள், அளவு, எது எவ்வளவு உதவியது. வலிமாத்திரைக்கு முதுகு நன்றாகக் கேட்டதா, ஒன்றுமே ஆகவில்லையா என்பதும் ஒரு துப்பு.

கடைசி வரியில் உங்கள் கேள்வியை எழுதுங்கள். "எனக்கு அழற்சி இருக்கிறதா, இல்லையா என்று உறுதிப்படுத்த வேண்டும்" என்ற கேள்வி "எனக்கு என்ன நோய்?" என்பதைவிடப் பல மடங்கு பயன்பட்டது.

கோப்பில் பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசையில், புதியது மேலே வரும்படி வையுங்கள். எக்ஸ்ரே, எம்ஆர்ஐ எடுத்தால் எழுத்து ரிப்போர்ட் மட்டும் போதாது. படங்கள் உள்ள சிடியையோ இணைப்பையோ கேட்டு வாங்குங்கள். இரண்டாவது டாக்டர் படத்தைத் தானே பார்க்க விரும்புவார், இல்லையென்றால் மறுபடி எடுக்கச் சொல்வார். செலவு இரட்டிப்பாவது இங்கேதான்.

4. முதல் சுற்று: விலை குறைந்த பரிசோதனைகள்

பொது மருத்துவரே எழுதித் தரக்கூடியவை இவை. முழு ரத்த எண்ணிக்கை, அழற்சிக்கு இஎஸ்ஆர், சிஆர்பி, சிறுநீரகத்துக்கு கிரியாட்டினின், கல்லீரல் என்சைம்கள், தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், கால்சியம், பாஸ்பேட், ஆல்கலைன் பாஸ்படேஸ், வைட்டமின் டி, பி12, இரும்புச்சத்துக்கு ஃபெரிட்டின், தசைக்கு சிகே, சிறுநீர்ப் பரிசோதனை. சிறுநீர்ப் பரிசோதனையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பட்டியலிலேயே மலிவானது, லூபஸ் சிறுநீரகப் பாதிப்பை முதலில் காட்டிக்கொடுப்பதும் அதுதான்.

இந்தச் சுற்றின் நோக்கம், வேடம் போட்டு வரும் நோய்களைப் பிடிப்பது. தைராய்டு குறைவு, இரும்புக் குறைவு, வைட்டமின் டி குறைவால் எலும்பு மென்மையாவது எல்லாமே "உடம்பெல்லாம் வலி"யாக வரும். வைட்டமின் டி எண் மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தால் முழு வலிக்கும் அதுவே காரணம் என்று நம்பிவிடாதீர்கள். ஆல்கலைன் பாஸ்படேஸ் கூடி, பாஸ்பேட் குறைந்து, முழங்காலுக்குக் கீழுள்ள கணைக்கால் எலும்பின் முன்பக்கத்தை அழுத்தினால் வலித்தால்தான் அது எலும்பு மென்மையைக் காட்டுகிறது.

ஃபைப்ரோமயால்ஜியாவிலும் தளர்மூட்டிலும் இஎஸ்ஆர், சிஆர்பி இயல்பாகவே இருக்கும். "எல்லாம் நார்மல்" என்றால் உங்களுக்கு ஒன்றுமில்லை என்று பொருளல்ல. முதல் கேள்விக்கு "அழற்சி இருக்க வாய்ப்புக் குறைவு" என்ற பதில் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். இஎஸ்ஆர் வயது, ரத்தசோகை, கர்ப்பம் இவற்றாலும் கூடும். லூபஸில் இஎஸ்ஆர் உயர்ந்து சிஆர்பி இயல்பாக இருப்பது அடிக்கடி காணப்படும். முதுகெலும்பு அழற்சியில் இரண்டுமே இயல்பாக இருக்கலாம்.

ரத்தம் கொடுக்கப் போகுமுன் மூன்று எச்சரிக்கை:

பயோட்டின் கலந்த முடி, நக மாத்திரைகள் தைராய்டு போன்ற பல பரிசோதனைகளின் முடிவை மாற்றிவிடும். குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்தலாமா என்று லேபில் கேளுங்கள். அளவு அதிகம் என்றால் இன்னும் நாள் வேண்டும்.

சிகே பார்ப்பதற்கு முந்தைய சில நாட்கள் கடும் உடற்பயிற்சி, தசையில் ஊசி வேண்டாம்.

ஸ்டீராய்டு. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். காரணம் தெரியாமல் "போட்டுப் பார்ப்போம்" என்று ஸ்டீராய்டு தொடங்கினால் சில நாள் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அழற்சியின் தடயம் மறைந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இப்படித் தொடங்கி, பிறகு மூட்டுவாத நிபுணர் பார்த்தபோது வீக்கமே இல்லாமல் போய், நோயின் பெயர் உறுதியாக மாதங்கள் ஆயின. ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் தானாக நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து. எப்போது தொடங்கியது, என்ன அளவு என்று எழுதிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள்.

5. ஏஎன்ஏ: தேவையில்லாமல் அதிகம் பயமுறுத்தும் ரிப்போர்ட்

ஏஎன்ஏ என்பது உடல் தன் செல்கருவையே எதிர்த்து உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ரத்தப் பரிசோதனை. அது பாசிட்டிவ் வந்தாலே லூபஸ் என்று ஆகிவிடாது. 1:80 அளவில் (ரத்தத்தை 80 மடங்கு நீர்த்துப் பார்க்கும்போது) ஆரோக்கியமானவர்களிலேயே நூற்றில் ஏறத்தாழ 13 பேருக்குப் பாசிட்டிவ் வரும். 1:40 என்றால் மூன்றில் ஒருவர் அளவுக்கு. தைராய்டு ஆட்டோ இம்யூன் பிரச்சினை இருப்பவர்களுக்கும் வரும். ஆனால் திருப்பிப் பார்த்தால் இது பலமான பரிசோதனை: 2019-இல் வந்த லூபஸ் வகைப்பாட்டு விதிகளில், வாழ்நாளில் ஒருமுறையாவது ஏஎன்ஏ 1:80 அல்லது அதற்கு மேல் வந்திருந்தால்தான் உள்ளே நுழையவே முடியும். அதாவது நெகட்டிவ் வந்தால் நிம்மதி, பாசிட்டிவ் வந்தால் பேச்சு தொடங்குகிறது.

எப்படிக் கேட்பது? இம்யூனோஃப்ளூரசன்ஸ் (ஒளிரும் சாயம் சேர்த்து நுண்ணோக்கியில் பார்க்கும்) முறையில் செய்யச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் அளவும் வடிவமும் எழுதியிருக்க வேண்டும். வெறும் "பாசிட்டிவ்" பயன்படாது. டென்ஸ் ஃபைன் ஸ்பெக்கிள்ட் என்ற வடிவம் மட்டும் தனியாக வந்தால் அது ஆரோக்கியமானவர்களிடம் அதிகம் காணப்படுவது. ஒருமுறை பாசிட்டிவ் வந்தபின் ஏஎன்ஏவைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. எண் ஏறி இறங்குவது நோயின் வேகத்தைக் காட்டாது.

ஏஎன்ஏ பாசிட்டிவ் வந்து, அறிகுறியும் பொருந்தினால்தான் அடுத்த, விலை கூடிய படி: டபுள் ஸ்ட்ராண்டட் டிஎன்ஏ, ஸ்மித், ஆர்என்பி, எஸ்எஸ்ஏ எதிர்ப்பொருட்கள், சி3, சி4 என்ற ரத்தப் புரதங்கள். வறண்ட கண், வாய் இருந்தால் எஸ்எஸ்ஏ முக்கியம். கண் மருத்துவரிடம் ஷிர்மர் சோதனையும் கேட்கலாம், ஐந்து நிமிடத்தில் காகிதம் 5 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் குறைவாக நனைந்தால் வறட்சி என்று கொள்வார்கள். குழந்தை பெறும் திட்டம் உள்ள பெண்ணுக்கு எஸ்எஸ்ஏ பாசிட்டிவ் என்றால் அதை மகப்பேறு மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்; அரிதாக, கருவிலுள்ள குழந்தையின் இதயத் துடிப்பு தடைபடலாம்.

மூட்டு வீக்கம் இருந்தால் முடக்குவாதத்துக்கான ருமட்டாய்டு ஃபேக்டர் ரத்தப் பரிசோதனையோடு ஆன்டி-சிசிபியும் சேர்த்துச் செய்யுங்கள். ருமட்டாய்டு ஃபேக்டர் வயதானவர்களுக்கும் ஹெப்படைட்டிஸ் சி உள்ளவர்களுக்கும் கண்ணும் வாயும் வறளும் ஷோகிரென் நோயிலும் பாசிட்டிவ் வரும். ஆன்டி-சிசிபி அப்படி எளிதில் ஏமாற்றாது. இரண்டும் நெகட்டிவாக இருந்தும் முடக்குவாதம் இருக்கலாம் என்பதால், வீங்கிய மூட்டை டாக்டர் தொட்டுப் பார்ப்பதற்கு ஈடு இல்லை. சந்தேகம் தீரவில்லையென்றால் மூட்டுக்கு அல்ட்ராசவுண்ட் கேளுங்கள்.

முதுகெலும்பு அழற்சியோடு தொடர்புள்ள மரபணு அடையாளமான ஹெச்எல்ஏ-பி27 பாசிட்டிவ் ஆனவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. முதுகெலும்பு அழற்சிச் சந்தேகம் இருந்தால் முதுகெலும்பும் இடுப்பெலும்பும் சேரும் சாக்ரோஇலியாக் மூட்டுக்கு ஸ்டிர் (அழற்சியைக் காட்டும் படமுறை) படங்களுடன் எம்ஆர்ஐ தேவை. சாதாரண கீழ்முதுகு எம்ஆர்ஐ எடுத்தால் அந்த மூட்டு சரியாகத் தெரியாது. பணமும் போய், "நார்மல்" என்ற தவறான நிம்மதியும் மிஞ்சும். சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு ஸ்கேன் சென்டருக்குள் போங்கள்.

லேபுகள் விற்கும் "மூட்டுவாதப் பேக்கேஜ்" வாங்காதீர்கள். சந்தேகமே இல்லாத இருபது பரிசோதனை செய்தால் ஒன்றிரண்டு சும்மாவே எல்லை தாண்டி வரும்; அதைத் துரத்த இன்னும் இருபது செய்ய வேண்டிவரும்.

6. மூட்டுத் தளர்வை அளப்பது

இதற்கு ரத்தப் பரிசோதனை இல்லை. பெய்ட்டன் என்ற மூட்டுத் தளர்வு அளவைக்கு மொத்தம் ஒன்பது மதிப்பெண். சுண்டுவிரல் பின்னுக்கு 90 பாகைக்கு மேல் வளைவது, கட்டைவிரல் முன்கையைத் தொடுவது, முழங்கை 10 பாகைக்கு மேல் பின்வளைவது, முழங்கால் அதேபோல் பின்வளைவது. இவை இரு பக்கமும் தலா ஒன்று. முழங்கால் மடக்காமல் குனிந்து உள்ளங்கை முழுதும் தரையில் படிந்தால் இன்னொன்று. பருவமடையாத பிள்ளைகளுக்கு 6, பருவமடைந்ததிலிருந்து 50 வயது வரை 5, அதற்கு மேல் 4 என்பது ஈலர்ஸ்-டான்லோஸுக்கான 2017 விதிகளின் வரம்பு. வயதாகி இறுகிவிட்டவர்களுக்கு ஒரு மதிப்பெண் குறைந்தால், சிறுவயதில் எப்படி இருந்தது என்ற ஐந்து கேள்விகளில் இரண்டுக்கு "ஆம்" சொன்னால் ஈடுகட்டலாம். பழைய போட்டோ இருந்தால் கொண்டுபோங்கள். வீட்டில் செய்து பார்க்கும்போது மூட்டைத் தள்ளி, அழுத்திப் பார்க்காதீர்கள்.

மதிப்பெண் கூடினால் தளர்மூட்டு என்பதோடு சரி. நோய் என்று சொல்ல அது போதாது. தளர்மூட்டு வகை ஈலர்ஸ்-டான்லோஸ் என்று சொல்ல, மென்மையான தோல், காரணமில்லாத தோல்வரிகள், குதிகாலில் நிற்கும்போது எழும் சிறு கொழுப்பு முடிச்சுகள், திரும்பத் திரும்ப வரும் குடலிறக்கம், காகிதம் போன்ற தழும்புகள், உயரத்தைவிடக் கை விரிப்பு நீளம் போன்ற பன்னிரண்டில் ஐந்து, நெருங்கிய ரத்த உறவில் அதே நோய், நீண்டகால வலி அல்லது அடிக்கடி மூட்டு விலகல் ஆகிய மூன்று பிரிவுகளில் இரண்டு பொருந்த வேண்டும், மற்ற விளக்கங்களும் விலக்கப்பட வேண்டும். பொருந்தாவிட்டாலும் தளர்வால் தொந்தரவு இருந்தால் தளர்மூட்டுக் கோளாறு என்ற பெயர் உண்டு. சிகிச்சை இரண்டுக்கும் பெரும்பாலும் ஒன்றுதான், ஆகவே "வெறும் தளர்வுதான்" என்று யாராவது ஒதுக்கினால் சோர்ந்துவிடாதீர்கள்.

பலருக்குத் தெரியாத ஒரு விதி: உங்களுக்கு ஏற்கெனவே லூபஸோ முடக்குவாதமோ இருந்தால், வலியை ஈலர்ஸ்-டான்லோஸ் கணக்கில் சேர்க்கக் கூடாது. உடல் அடையாளங்களும் குடும்ப வரலாறும் இரண்டுமே வேண்டும். வலிக்கு வேறு காரணம் இருக்கிறதல்லவா. அதனால்தான் அழற்சிக் கேள்வியை முதலில் முடிக்கச் சொன்னேன்.

இந்தக் கட்டத்தில் தவறவிடக் கூடாதவை இதயமும் கண்ணும். உயரமாக, விரல் நீண்டு, மார்புக்கூடு குழிந்தோ துருத்தியோ, கிட்டப்பார்வை அதிகமாக இருந்தால் மார்ஃபான் சந்தேகம். எக்கோவும் (இதய ஸ்கேன்) கண் பரிசோதனையும் தேவை. உள்நாக்கு இரண்டாகப் பிளந்திருப்பது மார்ஃபான் போன்ற இன்னொரு நோயான லோயிஸ்-டீட்ஸின் அடையாளங்களில் ஒன்று. ரத்தநாள வகை ஈலர்ஸ்-டான்லோஸில் தோல் மெலிந்து ரத்தக்குழாய்கள் தெரியும், எளிதில் கன்றிப்போகும், ஆனால் பெரிய மூட்டுகள் தளராமலே இருக்கலாம். பெய்ட்டன் மதிப்பெண் குறைவு என்று அதை விலக்க முடியாது. இத்தகையவர்கள் ஃபுளோரோகுவினலோன் வகை ஆன்டிபயாடிக்குகளைத் தவிர்க்க வேண்டும் என்று 2018-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. சிப்ரோஃப்ளாக்சசின் அந்த வகைதான். எந்த டாக்டர் மருந்து எழுதினாலும் சொல்லுங்கள்.

7. ஃபைப்ரோமயால்ஜியாவை உறுதிசெய்வது

"எதுவும் கிடைக்கவில்லை, ஆகவே ஃபைப்ரோ" என்பது சரியான வழி அல்ல. அதற்கென்று அளவுகோல் இருக்கிறது. உடம்பில் 18 புள்ளிகளை அழுத்தி 11 வலித்தால் என்ற 1990 முறையை இன்னும் சிலர் செய்கிறார்கள். 2016 முறையில் அது தேவையில்லை. 19 இடங்களில் கடந்த வாரம் எத்தனை வலித்தது என்று ஒரு எண், சோர்வு, தூக்கம், மறதி, மற்ற அறிகுறிகள் சேர்ந்து 12-க்கு இன்னொரு எண். முதல் எண் 7-உம் இரண்டாவது 5-உம், அல்லது முதல் எண் 4 முதல் 6 வரையும் இரண்டாவது 9-உம் தொட வேண்டும். ஐந்து உடற்பகுதிகளில் நான்கில் வலி இருக்க வேண்டும். மூன்று மாதம் நீடித்திருக்க வேண்டும். வேறு நோய் இருந்தாலும் இந்த முடிவு செல்லும் என்று அதே விதி தெளிவாகச் சொல்கிறது. ஒரு டாக்டர் "உங்களுக்கு லூபஸ் இருக்கிறது, ஃபைப்ரோ இருக்க முடியாது" என்றால் அது சரியல்ல. அழற்சி அடங்கியபின்னும் வலி தொடர்கிறவர்களுக்கு மருந்தைக் கூட்டிக்கொண்டே போவதைத் தடுப்பது இந்தப் புரிதல்தான்.

8. ஒட்டிக்கொண்டு வருபவை

எழுந்து நின்றால் படபடப்பு, கண் இருட்டல் என்றால் பத்து நிமிடம் படுத்து நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் குறித்து, பிறகு பத்து நிமிடம் நின்று குறித்துப் பாருங்கள், பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். அழுத்தம் பெரிதாக விழாமல் துடிப்பு 30 கூடினால் (12 முதல் 19 வயதினருக்கு 40) பாட்ஸ் (எழுந்து நின்றால் நாடித்துடிப்பு அளவுக்கு மேல் ஏறும் கோளாறு) பற்றிப் பேச வேண்டும். தளர்மூட்டுக்காரர்களிடம் இது அடிக்கடி சேர்ந்து வரும்.

பாதம் எரிச்சல், ஊசி குத்தல் இருந்தும் நரம்புக் கடத்தல் சோதனை நார்மலா? அந்தச் சோதனை மெல்லிய நரம்புகளைக் காட்டாது; தோல் பயாப்ஸிதான் காட்டும். ஒரே கையோ காலோ மட்டும் அடிபட்ட பின் நிறம் மாறி, வீங்கி, தொட்டால் எரிந்தால் அது வேறு நோய், சிஆர்பிஎஸ் (ஒரே கையிலோ காலிலோ தீராமல் நிற்கும் வலி நோய்); அதற்குத் தாமதம் கூடாது. சிறிது உழைத்தால் அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ படுத்த படுக்கையாகிவிடுகிறீர்கள் என்றால் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். நாட்பட்ட சோர்வு நோயின் முக்கிய அடையாளம் அது. அவர்களுக்கு உடற்பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போகச் சொல்வது கெடுதல்.

9. யாரிடம், எந்த வரிசையில், எவ்வளவு சீக்கிரம்

பொது மருத்துவர், முதல் சுற்றுப் பரிசோதனை, பிறகு மூட்டுவாத நிபுணர். எலும்பு அறுவை மருத்துவரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ நேராகப் போவது பெரும்பாலும் சுற்றுவழி. மூட்டு வீங்கியிருந்தால் தொடங்கிய ஆறு வாரத்துக்குள் மூட்டுவாத நிபுணர் பார்க்க வேண்டும் என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல். முடக்குவாதத்தில் முதல் மாதங்களில் தொடங்கும் மருந்துதான் மூட்டைக் காப்பாற்றும். ஆகவே சந்திப்பு கேட்கும்போது "உடம்பு வலி" என்று சொல்லாமல், "மூட்டு வீங்கியிருக்கிறது, சிஆர்பி கூடியிருக்கிறது" என்று இருப்பதைச் சொல்லுங்கள். வீக்கமும் இல்லை, ரத்தமும் இயல்பு என்றால் காத்திருக்கலாம். அந்தக் காலத்தில் கீழே 11-இல் சொன்னதைத் தொடங்கலாம்.

10. மரபணுப் பரிசோதனைக்குப் பணம் கட்டுமுன்

இந்தப் பயணத்திலேயே அதிகச் செலவு இதுதான், முடிவு வரச் சில வாரமோ மாதமோ ஆகும். 2017 வகைப்பாட்டில் ஈலர்ஸ்-டான்லோஸ் 13 வகை. மிக அதிகமாகக் காணப்படும் தளர்மூட்டு வகைக்கு மட்டும் இன்றுவரை உறுதியான மரபணு கிடையாது. அதை உறுதிசெய்யப் பரிசோதனை விற்பவரிடம் பணம் கட்டாதீர்கள். ரத்தநாள வகை, கிளாசிக்கல் வகை, மார்ஃபான் சந்தேகம் இருந்தால் மட்டும் செய்வது பொருள் உள்ளது. அப்போது தயங்கவும் கூடாது.

கட்டுமுன் கேளுங்கள்: எந்தெந்த மரபணுக்கள்? நோய்க்குக் காரணமா என்று தெரியாத மரபணு மாற்றம் வந்தால் பின்னாளில் இலவசமாக மறுஆய்வு செய்வார்களா? ஆலோசகர் விளக்கம் கட்டணத்தில் அடங்குமா? காப்பீட்டு முன்அனுமதி வேண்டுமா? குடும்பத்தில் அதிகம் பாதிக்கப்பட்டவருக்கு முதலில் செய்யுங்கள். அவரிடம் மாற்றம் உறுதியானால் மற்றவர்களுக்கு அந்த ஒரு மாற்றத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவு மிகக் குறையும். சில நாடுகளில் ஆயுள் காப்பீட்டுக்கு இந்த முடிவைத் தெரிவிக்க வேண்டியிருக்கும். உங்கள் நாட்டு விதியை முதலில் பாருங்கள்.

11. பெயர் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம்

தூக்கத்தைச் சீர்செய்வது, குறட்டை இருந்தால் தூக்க மூச்சுத்திணறலைப் பரிசோதிப்பது, மெதுவாகத் தொடங்கும் உடற்பயிற்சி ஆகியவற்றுக்கு நோயின் பெயர் தேவையில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை. ஃபைப்ரோமயால்ஜியா என்றதும் "நன்றாக ஸ்ட்ரெச் பண்ணுங்கள்" என்பார்கள். தளர்மூட்டும் இருப்பவர் எல்லை வரை இழுத்தால் மூட்டு இன்னும் நழுவும். அவருக்குத் தேவை மூட்டைப் பிடித்து நிறுத்தும் தசைகளுக்கு வலு. பிசியோதெரபிஸ்டிடம் முதல் நாளே பெய்ட்டன் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுங்கள். எனக்கு இந்த ஒரு மாற்றம்தான் வேறு எந்த மாத்திரையையும்விட அதிகம் உதவியது.

ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு அமிட்ரிப்டிலின், டுலாக்சடின், பிரிகாபலின் போன்றவை தருவார்கள். உதவுமா என்று தெரியச் சில வாரம் ஆகும். ஓபியாய்டு மருந்துகள் இதற்கு உதவுவதில்லை, பழக்கமும் ஆகும். அறுவையோ பல் சிகிச்சையோ வந்தால் தளர்மூட்டு இருப்பதை மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள்: சிலருக்கு மரப்பு ஊசி சரியாக ஏறாது, கழுத்தையும் தாடையையும் கவனமாகக் கையாள வேண்டும்.

பெயர் ஒன்று கிடைத்தபின்னும் கோப்பை மூடிவிடாதீர்கள். ஆட்டோ இம்யூன் நோய்கள் சில வருடம் கழித்து முழு உருவம் எடுப்பதுண்டு. ஏஎன்ஏ பாசிட்டிவாக இருந்து இப்போது வேறெதுவும் இல்லையென்றால் வருடத்துக்கு ஒருமுறை சிறுநீர், ரத்த எண்ணிக்கை, கிரியாட்டினின் பார்க்கலாமா என்று கேளுங்கள். புதிதாக மூட்டு வீக்கம், தோல் சிவப்பு, விரல் வெளுப்பு, காய்ச்சல் வந்தால் அந்த வருடம் முடியும்வரை காத்திருக்காமல், இரண்டாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.